அட்டவணையில் இல்லாத கட்டம்

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டிக் கொடைக்கானலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு என்று தோழர்கள் கேட்டபோது, ஆராய்ச்சியில் மாறிகளுக்கு இடையிலான தொடர்பைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னோம். கொஞ்சம் தயங்கினார்கள். “இது இலக்கிய மேடை. கணக்கு வகுப்பாக ஆகிவிடாதா?” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் நம் மக்களைப் பற்றி இந்த நாட்டில் அதிகம் எழுதப்படுவது கவிதையிலோ கதையிலோ அல்ல, அட்டவணைகளில். அந்த அட்டவணைகளை வாசிக்கத் தெரியாமல் நம்மைப் பற்றிய எழுத்தை வாசித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது.

எங்களுக்கு இது எப்படிப் புரிந்தது என்பதிலிருந்து தொடங்குகிறோம்.

எண் இரண்டு

இருபது ஆண்டுகளுக்கு முன், சமூகவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஆறு பேர், கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டக் குடியிருப்புகளில் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்புக்குப் போனோம். படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளைப் பற்றிய கணக்கு அது. கையில் அச்சடித்த படிவம். ‘பள்ளியை விட்டதற்கான காரணம்’ என்ற கேள்விக்கு ஐந்து விடைகள். ஒன்று வறுமை, இரண்டு ஆர்வமின்மை, மூன்று தூரம், நான்கு வீட்டு வேலை, ஐந்து பிற. பொருத்தமான எண்ணைக் கட்டத்தில் எழுத வேண்டும்.

ஒரு வீட்டில் பதினொரு வயதுப் பெண்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து காப்பிப் பழத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டோம். அவளுடைய அம்மா சொன்னார்: “படிக்க ஆசைதாங்க அதுக்கு. கக்கூஸ் கழுவ மட்டும் தெனமும் எம் புள்ளையவே கூப்பிட்டா எப்படிங்க போகும்?”

இதற்கு எந்த எண்? ‘ஐந்து, பிற’ என்று எழுதினோம். மாலையில் படிவங்களைச் சரிபார்த்த மேற்பார்வையாளர், “பிற என்று நிறைய வந்தால் அட்டவணை போட முடியாது, இருப்பதற்குள் சேருங்கள்” என்றார். வறுமையா? இல்லை, பிள்ளையை அனுப்ப வசதியில்லை என்று அந்த அம்மா சொல்லவில்லை. தூரமா? பள்ளி கூப்பிடு தொலைவு. கடைசியில் ‘போக மாட்டேன் என்கிறாள்’ என்பதை எடுத்துக்கொண்டு எண் இரண்டு என்று மாற்றினோம். ஆர்வமின்மை. எங்கள் கையாலேயே எழுதினோம். அந்த அம்மா சொன்னதைப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்தோம். ஓரம் கணினிக்குள் போகாது.

சில மாதங்கள் கழித்து அறிக்கை வந்தது. பெற்றோரின் எழுத்தறிவின்மைக்கும் பிள்ளைகளின் ஆர்வமின்மைக்கும் வலுவான தொடர்பு இருப்பதாக அதில் இருந்தது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. கணக்கு சரி, முடிவு பொய். அந்தப் பொய்க்குள் எங்கள் கையெழுத்தும் இருந்தது.

காக்கையும் பனம்பழமும்

மாணவத் தோழர்களுக்காகச் சில சொற்களை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்வோம். அளக்கக்கூடிய, ஆளுக்கு ஆள் அல்லது காலத்துக்குக் காலம் மாறக்கூடிய எதுவும் மாறி. மழை அளவு ஒரு மாறி, கூலி ஒரு மாறி, உடம்பின் எடை ஒரு மாறி. எதை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்கிறோமோ, அந்த ‘எது’ சாரா மாறி. அந்த ‘என்ன’ சார்பு மாறி. இரண்டு மாறிகள் சேர்ந்தே ஏறி இறங்கினால் அவற்றுக்கிடையே ஒட்டுறவு இருக்கிறது என்கிறோம். ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்றால் அது காரண காரியத் தொடர்பு. ஒட்டுறவைக் கண்டவுடன் காரணத்தைக் கண்டுவிட்டதாக நினைப்பதுதான் ஆராய்ச்சியில் நேரும் பெரும் சறுக்கல். இதைச் சொல்ல நம் பாட்டிகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் தேவைப்படவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றார்கள்.

நம் மலையிலிருந்தே ஒரு பனம்பழம் காட்டுகிறோம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. கடைசியாகப் பூத்தது 1994, 2006, 2018. சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய பதினோரு ஆண்டுச் சுற்றில் கூடிக் குறைகின்றன. அவை மிகக் குறைந்த ஆண்டுகள் 1996, 2008, 2019. மூன்று முறையும் சூரியப் புள்ளிகள் அடங்குவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பாகக் குறிஞ்சி பூத்திருக்கிறது. ஆகவே குறிஞ்சிக்குச் சூரியனின் அடக்கம் முன்கூட்டியே தெரிகிறது என்று ஒருவர் கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் கணக்கைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். 1970-இல் குறிஞ்சி பூத்தபோது புள்ளிகள் குறையவில்லை; 1968-இன் உச்சத்தை ஒட்டி மிகுந்தே இருந்தன. பதினொன்றும் பன்னிரண்டும் சில சுற்றுகள் கைகோத்து நடக்கும், பிறகு பிரிந்துவிடும். நடுவில் கொஞ்ச தூரத்தை மட்டும் பார்த்தவருக்கு அது உறவாகத் தெரியும்.

இது விளையாட்டுக்குச் சொன்னது. இதே சூரியப் புள்ளியை வைத்து விளையாட்டில்லாத ஒரு காரியம் நடந்திருக்கிறது. அதன் நினைவுச் சின்னம் இந்த ஊரிலேயே நிற்கிறது.

சூரியனைப் பார்த்த கண்கள்

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தை நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்போம். அது 1899 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. இதே இடத்திலிருந்துதான் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளுக்குள் வாயுக்கள் ஆரவாக்கில் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகம் இன்றும் அதை அவர் பெயராலேயே அழைக்கிறது. நூறாண்டுக்கும் மேலாக இங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் விலைமதிப்பற்றவை. அந்த அறிவியலின் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு.

ஆனால் அது ஏன் இந்த மலைக்கு வந்தது? மோட்டார் சாலை வராத காலத்தில், மலையேறிய எல்லாப் பொருளும் பொதிமாட்டிலும் கூலிகளின் தோளிலும் தலையிலும்தான் ஏறின. அவ்வளவு பாடுபட்டு இங்கே ஏன் ஒரு தொலைநோக்கி? அதற்கான காரணங்களுள் ஒன்று பஞ்சம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் அழித்த பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு. அதற்கும் மேல் என்பாரும் உண்டு. அந்தப் பஞ்சத்தின் நடுவில், இந்தியப் புள்ளிவிவரத் துறையின் தலைமை இயக்குநராக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், சென்னை நகரின் பல பத்தாண்டு மழைக்கணக்கை எடுத்துச் சூரியப் புள்ளிகளின் கணக்கோடு பக்கத்தில் வைத்தார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்றார். 1877-இல் வானியலாளர் நார்மன் லாக்கியரும் ஹண்டரும் சேர்ந்து ‘சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும்’ என்று இங்கிலாந்து இதழில் கட்டுரை எழுதினார்கள். அதே காலத்தில் பொருளியலாளர் ஜெவோன்ஸ், சூரியப் புள்ளிகளுக்கும் லண்டன் வணிக நெருக்கடிகளுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

சூரியனைத் தொடர்ந்து அளக்க வேண்டும் என்ற கோரிக்கை அடுத்த ஆண்டுகளில் வலுத்தது. சென்னை அரசின் வானியலாளர் போக்சன் 1882-இல் தென்னிந்திய மலையொன்றில் சூரிய ஆய்வு வேண்டும் என்றார். 1893-இல் கெல்வின் பிரபு தலைமையில் லண்டனில் கூடிய குழு, கொடைக்கானலைத் தேர்ந்தது. பருவமழையின் புதிரைச் சூரியனில் தேடலாம் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது.

மழைக்குக் காரணம் தேடுவதில் தவறில்லை. ஆனால் ‘புள்ளி, மழை, பஞ்சம்’ என்று மூன்றே சொல்லில் ஒரு வாக்கியம் முடிந்துவிடும்போது, மழைக்கும் மரணத்துக்கும் இடையில் இருக்கும் அத்தனை மாறிகளும் காணாமல் போய்விடுகின்றன. அவற்றை எடுத்து வைத்துப் பார்ப்போம்.

மழை பொய்த்தால் முதலில் நிற்பது வயல்வேலை. வேலை நின்றால் கூலி நிற்கும். அதே நேரம் தானிய விலை ஏறும். கையில் நிலமும் குதிரில் நெல்லும் இருப்பவருக்கு விலையேற்றம் லாபம். கூலியை மட்டும் நம்பியவருக்கு அதுவே சாவு. 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையமே, பஞ்சத்தில் முதலில் விழுபவர்கள் வேலை இழக்கும் விவசாயக் கூலிகளும் கைவினைஞர்களும்தான் என்று கண்டது. அந்தப் பஞ்ச ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் டன் கோதுமை கப்பலேறியது. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு சிறு காசும் போதும் என்று குறைத்தார். ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. கல் உடைத்து மண் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். இங்கே படியளவு ஒரு மாறி, உயிர் ஒரு மாறி. இவற்றுக்கு இடையிலான தொடர்பைக் காணத் தொலைநோக்கி வேண்டியதில்லை, நிவாரண முகாமின் வாசலில் நின்றாலே போதும்.

ஊருக்கும் சேரிக்கும் ஒரே வானம். ஒரே மழைதான் இரண்டுக்கும் பொய்த்தது. ஆனால் சாவு ஒரே அளவில் வரவில்லை. ஒரே சாரா மாறி இரண்டு இடத்தில் இரண்டு விளைவைத் தந்தால், இடையில் வேறொரு மாறி வேலை செய்கிறது என்று பொருள். நிலம் யாரிடம், தானியம் யாரிடம், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதே அந்த மாறி. நம் ஊர்களில் அதற்குப் பெயர் சாதி. 1981-இல் அமர்த்தியா சென் வங்கப் பஞ்சத்தை வைத்து, உணவு இல்லாததால் மட்டுமல்ல, உணவைப் பெறும் உரிமை இல்லாததாலும் மக்கள் சாகிறார்கள் என்று நிறுவினார். ஹண்டரின் அட்டவணையில் அந்த உரிமைக்குக் கட்டம் இல்லை. சூரியன்மேல் பழி விழுந்தால் யாரும் பதவி விலக வேண்டியதில்லை, யாரும் நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

வாக்கரின் எச்சரிக்கை

சூரியப் புள்ளிக் கோட்பாட்டை விழவைத்தவர்களும் அறிவியலாளர்களே. அதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர், கணித மேதை. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல உலகின் பல இடங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை எல்லாவற்றையும் எழுத்தர்களை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஒப்பிடும்போதே ஒரு ஆபத்தைக் கண்டார். உறவே இல்லாத நூறு சோடிகளை எடுத்து ஒப்பிட்டாலும், அவற்றுள் சில சோடிகள் தற்செயலாகவே நெருங்கிய உறவு காட்டும். நூறில் நல்லதாக வந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டி, “பாருங்கள் தொடர்பு” என்று சொன்னால் அது ஏமாற்று, தெரியாமல் செய்தாலும் ஏமாற்று. எத்தனை சோடிகளைச் சோதித்தோம் என்பதைப் பொறுத்து நம்பிக்கையின் வரம்பை உயர்த்த வேண்டும் என்று 1914-இல் அவர் ஓர் அளவுகோல் வகுத்தார்.

அந்த அளவுகோலோடு பார்த்தபோது சூரியப் புள்ளிகளால் இந்திய மழையை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு வலுவான தொடர்பு நிற்கவில்லை. நின்றது வேறொன்று. பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது, அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. 1920களில் அவர் இதற்குத் தெற்கு அலைவு என்று பெயரிட்டார். 1969-இல் பியர்க்னஸ் இந்த அலைவைப் பசிபிக் கடல் வெப்பத்தோடு, அதாவது எல் நினோவோடு, இணைத்து அது நடக்கும் விதத்தை விளக்கினார். தாது வருஷத்து வறட்சிக்குப் பின்னால் மிக வலுவான எல் நினோ இருந்தது என்று இன்று அறிகிறோம்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒட்டுறவைக் கண்டால் அது எப்படி நடக்கிறது என்ற வழியையும் காட்ட வேண்டும். வாக்கர் கண்டது பியர்க்னஸ் வழியைக் காட்டியபோதுதான் முழுமை பெற்றது. இன்னொன்று, எல் நினோ வறட்சியை விளக்கும், பஞ்சத்தை விளக்காது. வறட்சிக்கும் பஞ்சத்துக்கும் இடையில் அரசும் சந்தையும் சாதியும் நிற்கின்றன.

பாதரசமும் போதாத ஆதாரமும்

பஞ்சத்தில், இல்லாத தொடர்பு நம்பப்பட்டது. இதே ஊரில், நூறாண்டு கழித்து, ஒரு தொடர்பு இருக்கிறதா என்று நிறுவுவதற்கே ஒரு தலைமுறை அலைந்தது. வெப்பமானித் தொழிற்சாலையைச் சொல்கிறோம்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை 1980களின் தொடக்கத்தில் இந்த மலைக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் யூனிலிவர் குழுமத்தின் கைக்கு வந்தது. பாம்பார் சோலையின் விளிம்பில் அது நின்றது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு குவிந்து கிடந்ததைப் பொதுமக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

கழிவு திரும்பிப் போனது. உடம்புகள் இங்கேயே இருந்தன. நடுக்கம், ஈறு நோய், சிறுநீரகக் கோளாறு, மறதி என்று முன்னாள் தொழிலாளர்கள் முறையிட்டு 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு வந்த நிபுணர் குழுவின் அறிக்கை, அவர்களின் இப்போதைய நோய்களைப் பழைய பாதரசத் தொடர்போடு இணைக்கப் போதிய ஆதாரமில்லை என்றது. 2011-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கையோ தொடர்பு உண்டு என்றது. பாதிப்பு எதுவும் நிறுவப்படவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது, தொகை வெளியிடப்படவில்லை.

ஒரே உடம்புகளைப் பார்த்து இரண்டு அறிக்கைகள் எப்படி எதிரெதிராகச் சொல்ல முடியும்? யாரையும் பழிக்காமல், மாறிகளின் இலக்கணத்தை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி, எப்போது அளந்தார்கள்? பாதரச ஆவியை சுவாசித்தவரின் உடம்பிலிருந்து சுமார் இரண்டு மாதத்தில் அதில் பாதி வெளியேறிவிடுகிறது, அடுத்த இரண்டு மாதத்தில் மீதியில் பாதி. ஆலை மூடிச் சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் அளவு இயல்பாகவே இருக்கும். விருந்தாளி போய்விட்டார் என்பதால் அவர் வரவே இல்லை என்றாகாது. மூளையிலும் சிறுநீரகத்திலும் அவர் செய்துவிட்டுப் போன சேதம் வேறு கணக்கு.

இரண்டாவது, யாரோடு ஒப்பிட்டார்கள்? ஆலைக்கு வேலைக்கு எடுக்கும்போதே உடல்நலம் பார்த்துத்தான் எடுப்பார்கள். முடியாதவர்கள் முன்பே விலகிவிடுவார்கள். மிஞ்சிய தொழிலாளரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் தொழிலாளரே நலமாகத் தெரிவார்கள். தொழில்நல ஆய்வில் இது உலகமறிந்த சிக்கல்.

மூன்றாவது, எல்லாரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்தார்களா, பிரித்தார்களா? எந்த ஆலையிலும் பாதரசம் நிரப்பும் அறையில் பத்தாண்டு நின்றவரும் வாசலில் காவல் நின்றவரும் ஒன்றல்ல. இருவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சராசரி யாரையும் காட்டாது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். மறதியும் நடுக்கமும் வயதாலும் வரும், குடியாலும் வரும், தோட்டத்தில் மருந்து அடிப்பதாலும் வரும். இந்த மூன்றாவது மாறிகளை விலக்கிக் காட்டாமல் பாதரசம்தான் என்று முடிவுகட்ட முடியாது. உண்மைதான். அப்படி விலக்கிக் காட்ட யார் எந்த அறையில் எத்தனை ஆண்டு வேலை செய்தார், அன்றைய காற்றில் பாதரசம் எவ்வளவு என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவை வைத்திருக்கும் வசதி தொழிலாளிக்கு உண்டா? எந்த ஆலையிலும் அது முதலாளியின் அலமாரியில்தான் இருக்கும். ‘ஆதாரம் போதவில்லை’ என்ற சொற்றொடருக்கு அறிவியலில் ஒரே பொருள்தான்: இன்னும் தெரியவில்லை. அதை ‘தொடர்பு இல்லை’ என்று வாசிப்பது அறிவியல் ஆகாது.

நல்ல ஒப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கும் இந்த மலையிலேயே சான்று உண்டு. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வக அறிவியலாளர்கள் கொடைக்கானல் ஏரியின் நீரையும் சேற்றையும் மீனையும் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். அவர்கள் நம் ஏரியோடு நிற்கவில்லை. இதே மலையின் பேரிஜம், குக்கல் ஏரிகளையும் எடுத்தார்கள். ஒரே மலைத்தொடர், ஒரே மழைக்காற்று. முக்கிய வேறுபாடு, ஆலை அருகில் இருந்ததா இல்லையா என்பது. கொடைக்கானல் ஏரி நீரில் பாதரசம் மற்ற இரண்டையும்விடத் தெளிவாக மிகுந்திருந்தது. மாறிகளை இப்படி ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதற்குத்தான் ஒப்பீட்டுக் குழு என்று பெயர். ஏரிக்குக் கிடைத்த இந்த ஒழுங்கான ஒப்பீடு, ஆலை ஓடிய காலத்திலேயே மனிதருக்கும் கிடைத்திருந்தால் நீதிமன்றப் படிகள் இத்தனை தேய்ந்திருக்காது.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் மீனவக் குடும்பங்களுக்கு வந்த நோய் கண்டறியப்பட்டது. அங்கே இருந்தது கரிமப் பாதரசம், மீன்வழி உடம்புக்குள் போனது. இங்கே ஆலைக்குள் இருந்தது ஆவி. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் காரணத்தை மறைத்த விதத்தை நாம் படிக்க வேண்டும். போரில் கடலில் கொட்டிய வெடிமருந்தாக இருக்கலாம் என்று தொழில்துறை வேறு காரணங்களை முன்வைத்தது. 1959-இல் சிசோ ஆலை மருத்துவமனையின் மருத்துவரே ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துச் சோதித்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. அந்த முடிவு வெளியே வரவில்லை. அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். தொடர்பு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்த இடத்தில் பூட்டு தொங்கியது.

காரணத்தைப் பிரித்தெடுத்தவர்

அண்ணலின் நினைவு நாளில் இதையெல்லாம் ஏன் பேசுகிறோம் என்று இப்போது சொல்ல முடியும்.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். நாம் அதைச் சாதி பற்றிய கட்டுரை என்று படிக்கிறோம். அதை ஆய்வுமுறை பற்றிய பாடமாகவும் படிக்க வேண்டும். செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். பிற சாதியாரோடு சேர்ந்து உண்ணாமையைச் சாதியின் அடையாளமாகச் சொன்ன நெஸ்ஃபீல்ட், விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டார் என்கிறார். தீட்டு, உணவு விலக்கு, பரம்பரைத் தொழில் என்று கூடவே காணப்படும் பல மாறிகளுக்குள் எது அடிப்படை என்று தேடி, அகமணமே என்று நிறுவுகிறார்.

அடுத்து அவர் செய்வது இன்னும் நுட்பமானது. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் மூன்றும் தனித்தனி வழக்கங்களாகவே பேசப்பட்டன. ஒரு குழுவுக்குள்ளேயே மணம் என்றால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும்; கணவனோ மனைவியோ இறந்தால் ஒருவர் மிஞ்சுவார்; அந்த மிச்சத்தை என்ன செய்வது என்ற சிக்கலுக்கான வழிகளே இந்த மூன்றும் என்று காட்டினார். தொடர்பை மட்டும் சொல்லாமல், அது நடக்கும் விதத்தையும் காட்டினார்.

ரிஸ்லியைப் பற்றி ஒன்று. மூக்கின் அகலத்தை அளந்து, சாதியின் தகுதி உயர உயர மூக்கு குறுகுகிறது என்று சொன்னவர் அவர். எண்களோடு வந்ததால் அது அறிவியல் என்றே நம்பப்பட்டது. 1948-இல் வெளியான ‘தீண்டப்படாதார்’ நூலில் அம்பேத்கர் அந்த எண்களைக் கண்டு ஓடவில்லை. மூக்களவைத் தரவுகளையே எடுத்து, மாகாணம் மாகாணமாக வைத்துக் காட்டினார். பிராமணர் ஓர் இனமென்றால் தீண்டப்படாதாரும் அதே இனம் என்றுதான் அந்த அளவுகள் சொல்கின்றன, தீண்டாமைக்கு இனம் காரணமல்ல என்று முடித்தார். எதிரியின் அட்டவணையை எதிரியைவிடக் கவனமாகப் படித்தவர் அவர்.

நமக்கு நாமே

இங்கே எங்களுக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டும். நாமும் மனிதர்கள்தாம். நமக்கு வசதியான ஒட்டுறவு வந்தால் கைதட்டுகிறோம், வசதியில்லாதது வந்தால் சதி என்கிறோம். நம் துண்டறிக்கைகளில் ஆதாரமில்லாத எண்கள் எத்தனை? மேடையில் ஒருவர் சொன்ன சதவீதம் அடுத்த மேடையில் உண்மையாகிவிடுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? வாக்கரின் எச்சரிக்கை நமக்கும் சேர்த்துத்தான். நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதால் நம் கணக்கு தானாகச் சரியாகிவிடாது. தவறான ஒரு எண்ணை நாம் சொன்னால், சரியான பத்து எண்களையும் சேர்த்துத் தூக்கியெறிய அவர்களுக்கு அது போதும்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். இனி உங்கள் ஊருக்கு யாராவது படிவத்தோடு வந்தால், அல்லது நீங்களே படிவத்தோடு ஓர் ஊருக்குப் போனால், கேளுங்கள். எதை அளக்கிறார்கள், எதை அளக்கவில்லை? எப்போது அளந்தார்கள்? யாரோடு ஒப்பிடுகிறார்கள்? இரண்டும் சேர்ந்து நகர்கின்றன என்றால், ஒன்று மற்றொன்றை நகர்த்தும் வழி என்ன? இரண்டையும் நகர்த்தும் மூன்றாவது ஒன்று பின்னால் நிற்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்க முனைவர் பட்டம் வேண்டாம்.

எங்கள் பழைய படிவங்களின் நகல்கள் இன்னும் ஒரு துணிப்பையில் கிடக்கின்றன. இந்த உரைக்காக எடுத்துப் பார்த்தோம். பென்சில் எழுத்து மங்கிவிட்டது, ஆனால் வாசிக்க முடிகிறது. அந்த அம்மா சொன்ன சொற்கள் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில், கட்டத்துக்குள், மையில், எங்கள் கையெழுத்தில் எண் இரண்டு.

காப்பிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும். ஒருவேளை அவளுடைய பிள்ளை பள்ளிக்குப் போகும். அந்தப் பிள்ளையின் ஊருக்கு அடுத்த கணக்கெடுப்பு வரும்போது, ‘அவமதிப்பு’ என்று ஒரு கட்டம் அச்சில் இருக்க வேண்டும். அதை அச்சேற்றும் இடத்தில் நம்மவர் இருக்க வேண்டும். அதுவரை ஓரத்தில் எழுதுவோம், அழியாத மையில் எழுதுவோம்.